ஒன்றின் மேல் ஒன்று: பழைய அடுக்கு வாஷர்-டிரையர்களை அடையாளம் காண்பது

அமெரிக்க அபார்ட்மென்ட்களில் தங்கியிருந்தவர்களுக்கு இந்த மெஷின் பழக்கமானதுதான். சமையலறை ஓரத்திலோ குளியலறைக்குப் பக்கத்திலோ ஒரு மடிப்புக் கதவு இருக்கும். திறந்தால், நம்ம ஊர் பீரோ நிற்கிற அளவு இடத்தில் கீழே துணி துவைக்கும் வாஷர், அதன் தலைக்கு மேல் துணி உலர்த்தும் டிரையர். அகலம் பெரும்பாலும் 24 அங்குலம். கொஞ்சம் பெரியது என்றால் 27. துணியைப் போடுவோம், எடுப்போம், கதவைச் சாத்துவோம். அதற்கு மேல் யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நான் பார்க்கிறவன். பிழைப்பு சாப்ட்வேர். வார இறுதியில் இந்தப் பழைய அடுக்கு மெஷின்களின் வம்சாவளியைத் தேடுவது பொழுதுபோக்கு. கராஜில் இப்போதைக்கு இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. "எதை வெச்சு இது இந்தக் கம்பெனி, இந்த வருஷம்னு சொல்றே?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இந்தக் குறிப்பு.

தப்பாக அடையாளம் கண்டால் அப்படி என்ன குடிமுழுகிவிடும்? முதலாவது, பணம் போகும். பெயரைப் பார்த்து பெல்ட்டும் பம்ப்பும் வாங்கினால் அவை பொருந்தாது. இரண்டாவது, மெஷினே போகும். இனி எங்கும் செய்யப்படாத ஒரு இயங்குமுறையின் கடைசிச் சில உருப்படிகளில் ஒன்றை, "பழைய டப்பா, பார்ட்ஸ் கிடைக்காது" என்று சொல்லி இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவதாக ஷாக் அடிக்கிற விவகாரம் ஒன்று இருக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். முகப்பில் பளபளவென்று இருக்கும் பெயர், அதை விற்றவரின் பெயர். செய்தவர் யார் என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் மூடிக்கு அடியிலும் கதவு விளிம்பிலும் மெஷினின் வயிற்றுக்குள்ளும்தான் இருக்கிறது.

முதலில் அது அடுக்கு மெஷின்தானா?

விற்பனை விளம்பரங்களில் "ஸ்டாக்ட்", "காம்போ", "லாண்டரி சென்டர்" எல்லாவற்றையும் கலந்துகட்டி எழுதுவார்கள். நாம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

காம்போ என்பது ஒரே டிரம்மில் துவைத்து, அதே டிரம்மில் உலர்த்துவது. பெண்டிக்ஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த டியோமேட்டிக் அந்த வகை. அது அடுக்கு அல்ல. டிரம் ஒன்று என்றால் அதை நம் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

உண்மையான அடுக்கில் இரண்டு முக்கியமான வகை. ஒன்று, முன்பக்கம் கதவு வைத்த வாஷர் மேல் தனி டிரையரை ஏற்றி, இடையில் இணைப்புத் தகடு போட்டு இறுக்கியது. பிரித்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். இன்னொன்று, ஒரே இரும்புச் சட்டத்தில் பிறந்தது. இதில் கீழே இருக்கும் வாஷர் மேல்மூடி வகை. மூடியைத் திறக்க இடம் வேண்டுமே, அதனால் டிரையரைப் பின்பக்கச் சட்டத்தின் மேல் உயரத்தில் தூக்கி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கை நுழையும் அளவு ஒரு வெற்றிடம். பல மாடல்களில் இரண்டுக்குமான கைப்பிடித் திருகுகளும் அந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மாடல் எண் எழுதிய தகட்டை எண்ணுங்கள். தனி மெஷின்களை அடுக்கியிருந்தால் வாஷருக்கு ஒன்று, டிரையருக்கு ஒன்று என்று இரண்டு தகடு, இரண்டு மாடல் எண் இருக்கும். ஒரே சட்டத்தில் பிறந்தது என்றால் மொத்தத்துக்கும் ஒரே மாடல் எண். தகட்டை வாஷர் மூடியைத் தூக்கினால் தெரியும் பின்விளிம்பிலோ டிரையர் கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பிலோ தேடுங்கள்.

1970-களில் இன்னொரு சின்ன வகையும் இருந்தது. சக்கரம் வைத்த போர்ட்டபிள் வாஷரும், சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் குட்டி டிரையரும். மேடேக் இந்த ஜோடிக்குப் பெயர் பெற்றது. டிரையரைச் சுவரிலோ ஒரு ஸ்டாண்டிலோ மாட்டி, வாஷரைக் கீழே தள்ளிவிடலாம். ஸ்டாண்டோடு சேர்த்து முழுசாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்டாண்டைத்தான் எல்லாரும் முதலில் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

ஏன் இவ்வளவு காலம் ஆனது?

டிரையரைத் தூக்கி வாஷர் மேல் வைக்க யாருக்கும் முன்னாலேயே தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியிருந்தாலும் முடிந்திருக்காது. 1937-ல் வெளிவந்த பெண்டிக்ஸ் ஆட்டோமேட்டிக் வாஷரைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உள்ளே தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங் ஏற்பாடு கிடையாது. ஈரத்துணி ஒரு பக்கம் ஒதுங்கி, டிரம் வேகமாகச் சுற்றினால் அந்த அதிர்ச்சி முழுவதும் தரைக்குப் போகும். அதன் தலையில் இன்னொரு மெஷினை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தொட்டியை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, அதிர்வை உள்ளேயே அடக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மேலே பாரம் ஏற்றுவது சாத்தியமாயிற்று.

டிரையர் அதைவிட இளையது. வட டகோட்டாக்காரரான ஜே. ராஸ் மூர் வடிவமைத்த டிரையரை விஸ்கான்சினில் இருந்த ஹாமில்டன் கம்பெனி 1938-ல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. குளிர்காலத்தில் துணி காயப்போட முடியாத ஊர்க்காரருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியமே இல்லை. மொட்டை மாடி இருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வந்திருக்காது!

முன்பக்கக் கதவு வகையை அடுக்காகப் பரப்பியதில் வெஸ்டிங்ஹவுஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1940-களில் அவர்கள் விற்ற வாஷரின் பெயர் 'லாண்ட்ரோமேட்'. காசு போட்டுத் துவைக்கும் கடைகளையே பிற்பாடு அமெரிக்கர்கள் அந்தப் பெயரால் அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம்ம ஊரில் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்கிற மாதிரி. அதன் வழிவந்த ஒடுங்கிய அகல ஜோடிதான் 'ஸ்பேஸ்-மேட்ஸ்'. ஒன்றின் மேல் ஒன்றாகவும் வைக்கலாம், பக்கத்தில் பக்கத்திலும் வைக்கலாம். மற்ற அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் மேல்மூடி வாஷருக்குப் போய்விட்ட 1970, 80-களில் முன்பக்கக் கதவு வாஷரை விடாமல் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய இந்தப் பரம்பரை மட்டும்தான்.

ஒரே பெயர், வேறு வேறு வயிறு

இப்போது முக்கியமான கேஸுக்கு வருவோம். சேகரிப்பவர்கள் தேடித் திரிகிற அடுக்கு மெஷின் ஃபிரிஜிடேர் 'ஸ்கின்னி மினி'. 24 அங்குல அகலம், கீழே மேல்மூடி வாஷர், மேலே டிரையர். 1970-களில் அபார்ட்மென்ட்களுக்கும் சின்ன வீடுகளுக்கும் விற்றது.

ஃபிரிஜிடேர் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. கார் கம்பெனிதான், ஆனால் 1919-லிருந்து ஃபிரிட்ஜும் விற்றுக்கொண்டிருந்தது. 1947-ல் வந்த அவர்களின் முதல் ஆட்டோமேட்டிக் வாஷரின் தனித்தன்மை, நடுவில் இருக்கும் அஜிடேட்டர் அசைகிற விதம். மற்ற கம்பெனி வாஷர்களில் அந்தத் தண்டு இடமும் வலமுமாக அரை வட்டம் திரும்பித் திரும்பி வரும். ஃபிரிஜிடேரில் அது உரலில் உலக்கை போல மேலும் கீழும் போகும். கென்னத் சிசன் என்ற எஞ்சினியர் வடிவமைத்தது. நம்ம வீட்டில் நெல் குத்துகிற மாதிரி என்று சொன்னால் புரியும்; வேகம் மட்டும் நிமிஷத்துக்கு முந்நூறுக்கும் மேல்.

1965-ல் இதே மேல்-கீழ் அசைவைப் பல்சக்கரம் இல்லாமல், உருளைகளை ஒன்றோடு ஒன்று அழுத்திச் சுழற்றிக் கொண்டுவந்தார்கள். பெயர் 'ரோலர்மேட்டிக்'. ஸ்கின்னி மினியின் வயிற்றில் இருப்பது இந்தக் குடும்பத்து இயங்குமுறைதான். அந்த ஒல்லிச் சட்டத்துக்குள் இதை எப்படி அடக்கினார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ரசிக்கத்தக்க வேலைதான்.

1979-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபிரிஜிடேரை ஒயிட் கன்சாலிடேட்டட் என்ற கம்பெனிக்கு விற்றது. தையல் மெஷினில் தொழிலைத் தொடங்கிய கம்பெனி அது. அவர்கள் வாங்கியது பெயரை. மேல்-கீழ் போகும் வாஷரைத் தொடரவில்லை. ஓஹையோவில் மொரெய்ன் என்ற ஊரில் இருந்த ஃபிரிஜிடேர் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டு, 1981-லிருந்து அங்கே டிரக் செய்ய ஆரம்பித்தது. 2008-ல் அதையும் மூடினார்கள். பிறகு சீனாவின் ஃபூயாவ் கண்ணாடிக் கம்பெனி அந்த இடத்தை வாங்கியது. 2019-ல் வந்த 'அமெரிக்கன் ஃபேக்டரி' ஆவணப்படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியும். ஆஸ்கார் வாங்கிய படம். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு காலத்தில் ஃபிரிஜிடேர் பெயரில் வீட்டுச் சாமான்கள் வந்தன என்பது எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, 'ஃபிரிஜிடேர்' என்று எழுதிய ஒரு அடுக்கு மெஷின் உங்கள் முன்னால் நிற்கிறது. 1979-க்கு முந்தையதா, பிந்தையதா? தகட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் பெயரும் ஓஹையோவின் டேட்டன் ஊர்ப் பெயரும் இருந்தால் முந்தையது. தகடு துருப்பிடித்து அழிந்திருந்தால் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள் (கீழே சொல்லும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு). அஜிடேட்டர் உலக்கை மாதிரி குத்தினால் ஜெனரல் மோட்டார்ஸ் காலத்தது. இடம்-வலம் திரும்பினால் பெயர் மட்டும்தான் ஃபிரிஜிடேர்.

ஒயிட் கன்சாலிடேட்டட் கதை இதோடு நிற்கவில்லை. 1975-ல் வெஸ்டிங்ஹவுஸின் வீட்டுச்சாமான் பிரிவையும் அவர்களே வாங்கி 'ஒயிட்-வெஸ்டிங்ஹவுஸ்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். கிப்ஸன், கெல்வினேட்டர் எல்லாம் அதற்கும் முன்பே அவர்கள் கைக்கு வந்துவிட்டன. கெல்வினேட்டர் என்றால் நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு ஃபிரிட்ஜ். அங்கே அது இந்தக் குடும்பத்தில் ஒரு சட்டை. 1986-ல் மொத்தக் குடும்பத்தையும் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் வாங்கியது. அதனால் 80-களின் ஒயிட்-வெஸ்டிங்ஹவுஸ், கிப்ஸன், ஃபிரிஜிடேர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கைப்பிடியும் பெயரும்தான் மாறும். சேகரிப்பவருக்கு இது நல்ல செய்தி. ஒன்றுக்கு வாங்கிய பார்ட்ஸ் பல நேரம் மற்றதற்கும் பொருந்தும்.

சியர்ஸ் கடை விற்ற 'கென்மோர்' இதற்கு நேர் எதிர்க் கேஸ். கென்மோருக்குத் தனியாகத் தொழிற்சாலையே கிடையாது. எல்லாம் பிறர் செய்து கொடுத்தது. ஆனால் சியர்ஸ் ஒரு புண்ணியம் செய்தது: மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தில் செய்தவர் யார் என்று குறித்து வைத்தது. புள்ளிக்கு முன்னால் 110 என்றிருந்தால் வேர்ல்பூல். 417 என்றிருந்தால் ஒயிட் கன்சாலிடேட்டட்-ஃபிரிஜிடேர் குடும்பம். 363 என்றால் ஜெனரல் எலெக்ட்ரிக். இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 110-ல் தொடங்கும் கென்மோர் அடுக்கு, அநேகமாக வேர்ல்பூலின் 'தின் ட்வின்' மாடலின் உடன்பிறப்பு. முகப்பு வேறு, வயிறு ஒன்று. (அதே வேர்ல்பூல் 80-களின் பிற்பகுதியில் டிவிஎஸ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்ததும், புதுச்சேரியில் வாஷிங் மெஷின் செய்வதும் தனிக்கதை.)

மேடேக் விஷயத்தில் ஒரு எல்லைக்கோடு போதும். 2006-ல் வேர்ல்பூல் மேடேக்கை வாங்கியது. அதற்குப் பிந்தைய 'மேடேக்' அடுக்குகளைப் பழைய மேடேக் என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

வருஷத்தைக் கண்டுபிடிப்பது

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 'ஸ்பேஸ்மேக்கர்' அடுக்குகளில் சீரியல் எண் இரண்டு எழுத்தோடு தொடங்கும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது வருஷம். இரண்டுக்கும் அதே பன்னிரண்டு எழுத்துகள்தான்: ஏ, டி, எஃப், ஜி, எச், எல், எம், ஆர், எஸ், டி, வி, இசட். தமிழில் எழுதும்போது 'டி' இரண்டு தடவை வருகிறது. முதலாவது டெல்லியின் டி, இரண்டாவது தமிழ்நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் டி. ஏ என்றால் ஜனவரி, இசட் என்றால் டிசம்பர். ஆண்டுக்கு ஏ என்றால் 1977. பன்னிரண்டு வருஷம் ஓடி 1988-ல் இசட் வந்ததும், 1989-ல் மறுபடி ஏ.

பஞ்சாங்கம் பார்த்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரிந்திருக்கும். நம் அறுபது வருஷச் சுற்று மாதிரிதான். பழைய கடிதத்தில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1927-ஆ, 1987-ஆ? இங்கே சுற்று அறுபதுக்குப் பதில் பன்னிரண்டு, குழப்பம் இன்னும் அதிகம். சீரியல் எண் 'எஃப்எம்' என்று தொடங்கினால் மார்ச் மாதம் என்பது நிச்சயம். வருஷம் 1983, 1995, 2007 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். விற்கிறவர் எப்போதும் 1983 என்றுதான் சொல்வார். எனக்கு இதுவரை 2007 என்று சொன்ன ஆளைத் தெரியாது.

வேர்ல்பூலில் குழப்பம் குறைவு. முதல் எழுத்து தொழிற்சாலை. அடுத்த இடம் வருஷம்: 80-களில் கடைசி இலக்கம் மட்டும், 1990-க்கு எக்ஸ், 1991-லிருந்து ஏ, பி, சி. அதற்கடுத்த இரண்டு இலக்கம் வாரம். 'சி 5 32' என்று தொடங்கினால் 1985-ன் 32-வது வாரம். 2010-களில் அதே இலக்கங்கள் திரும்பவும் வருகின்றன என்றாலும், 1985 மெஷினையும் 2015 மெஷினையும் குழப்பிக்கொள்ள நாம் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஒரு எழுத்துக்கு மூன்று வருஷம் வரும்போது எப்படித் தீர்ப்பது? கல்வெட்டில் வருஷம் தெளிவாக இல்லையென்றால் எழுத்து வடிவத்தைப் பார்ப்பார்கள், மன்னன் பெயரைப் பார்ப்பார்கள். அதே வேலைதான். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் மோட்டார், டைமர், கெபாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் அதைச் செய்தவர் போட்ட தேதிக் குறி இருக்கும். பல நேரம் நான்கு இலக்கம், வருஷமும் வாரமும். டைமரில் 8304 என்றிருந்தால் அந்த டைமர் 1983-ன் நான்காவது வாரத்தில் பிறந்தது. மார்ச் 1983 மெஷினுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. அரிக்கமேட்டில் ஒரு அடுக்கில் ரோமானிய நாணயம் கிடைத்தால், அந்த அடுக்கு நாணயத்துக்கு முந்தையதாக இருக்க முடியாது அல்லவா? அதே தர்க்கம். ஆனால் பார்ட்ஸ் மாற்றியிருப்பார்கள். ஆகவே ஒரு குறியை நம்பக் கூடாது. மோட்டார், டைமர் இரண்டும் சில மாத இடைவெளிக்குள் இருந்து, ஒரு பார்ட் மட்டும் பத்து வருஷம் தள்ளி நின்றால், அது பிற்காலச் செருகல்.

நிறமும் கொஞ்சம் பேசும். செம்பு நிறம், அவகாடோ பச்சை, அறுவடைத் தங்கம் எல்லாம் 60, 70-களின் ஆட்கள். பாதாம் நிறம் 70-களின் பிற்பகுதியில் வந்து 90-கள் வரை தங்கியது. பெயின்ட் அடித்தவையும் உண்டு என்பதால் நிறத்தை நான் சாட்சியாக ஏற்பதில்லை, துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்னொரு நல்ல சாட்சி, உள்ளே மடித்துச் செருகியிருக்கும் டெக்னிக்கல் ஷீட். கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னாலோ கீழ்த் தகட்டுக்குள்ளோ இருக்கும். வயரிங் படம் முழுவதும் அதில்தான். கிடைத்தால் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். தொட்டாலே பொடிப்பொடியாகும்.

பிளக்கைச் செருகும் முன்

இதைத்தான் முன்பே தனியாகச் சொல்கிறேன் என்றேன். அமெரிக்காவில் மின்சார டிரையருக்கு 240 வோல்ட். அது 120, 120 என்று இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடையில் கிடைப்பது. சூடேற்றும் காயில் 240-ல் ஓடும். மோட்டார் ஒரு உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120-ல் ஓடும். பழைய மூன்று முள் கார்டில் எர்த் தனியாகக் கிடையாது. நியூட்ரல் கம்பியையே மெஷின் உடம்போடு ஒரு பட்டையால் இணைத்திருப்பார்கள். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அது எங்காவது தளர்ந்து விட்டுப்போனால், மோட்டார் வழியாக மின்சாரம் உடம்புக்கு வந்து நிற்கும்.

தனி டிரையரிலேயே இது ஆபத்து. ஒரே சட்டத்தில் பிறந்த அடுக்கில் இன்னும் மோசம். பல மாடல்களில் ஒரே கார்டுதான் வாஷருக்கும் மின்சாரம் கொடுக்கிறது, சட்டமும் ஒன்று. ஈரக் கையோடு வாஷர் மூடியைத் தொடுகிறவர் அந்த உடம்பைத்தான் தொடுகிறார்.

1996 தேசிய மின்சார விதித்தொகுப்பிலிருந்து புது இணைப்புகளுக்கு நான்கு முள் கட்டாயம். பழைய மெஷினுக்கு நான்கு முள் கார்டு மாட்டும்போது பலர் செய்யாமல் விடுவது, அந்த நியூட்ரல்-உடம்பு இணைப்புப் பட்டையைக் கழற்றுவது. கழற்ற வேண்டும். நியூட்ரல் தனி, எர்த் தனி. வயரிங் தெரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 1970-களின் மெஷின் என்றால் பழைய கெபாசிட்டரையும் மாற்றிவிடுவது நல்லது. 1979-க்கு முன் செய்தவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. ஒழுகியிருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள்.

முதல் தடவை டிரையரைச் சூடேற்றும் முன் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பல வருஷத்துப் பஞ்சுத் தூசி காயிலைச் சுற்றித் தலையணை மாதிரி அடைந்திருக்கும். அது பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். வெளிக்காற்றுக் குழாயும் வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்தால் கழற்றிப் போட்டுவிட்டு, 4 அங்குல உலோகக் குழாய் மாட்டுங்கள்.

"இந்தியாவுக்கு அனுப்பலாமா?" என்று ஒருவர் கேட்டார். அனுப்பலாம், ஓட்ட முடியாது. 230 வோல்ட் இருக்கிறதே, ஏறக்குறைய 240 தானே என்று தோன்றும். ஆனால் நடுவில் 120 எடுக்க வழியில்லை. மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைச் செய்தாலும் நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. மோட்டாரும் டைமரும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். ஒரு மணி நேர டைமர் 72 நிமிஷம் எடுக்கும், மோட்டார் சூடாகும்.

எதைத் தேடுவது, எப்படித் தூக்குவது

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் சிபாரிசு வேர்ல்பூல் தின் ட்வின் அல்லது அதன் 110 கென்மோர் உடன்பிறப்பு. அழகில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வேர்ல்பூல் பார்ட்ஸைப் பல வருஷம் மாற்றாமல் வைத்திருந்தது. டிரையர் பெல்ட், உருளை, தெர்மல் ஃபியூஸ் எல்லாம் இன்றைக்கும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பெல்ட் இல்லாத பிற்கால வாஷரில் மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு ரப்பர்-பிளாஸ்டிக் கப்ளிங் உண்டு. அளவுக்கு மீறிய பாரம் வந்தால் அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். "மோட்டார் ஓடுது, டிரம் சுத்தல" என்று தூக்கிப் போட்ட மெஷின்களில் பலவற்றுக்கு வந்த வியாதி இந்தச் சின்னக் கப்ளிங்தான்.

ஒயிட்-வெஸ்டிங்ஹவுஸ் முன்பக்கக் கதவு ஜோடி அடுத்த படி. பேரிங் சத்தம் வருகிறதா என்று டிரம்மைக் கையால் சுற்றிக் கேளுங்கள். கரகரவென்றால் விலையைப் பாதியாகக் குறையுங்கள்.

ஸ்கின்னி மினி ஆசைக்கு வாங்குவது. பார்ட்ஸ் என்றால் இன்னொரு ஸ்கின்னி மினிதான். அதனால் ஓடாத ஒன்று கண்ணில் பட்டாலும் விடாதீர்கள், அதன் உருளைகளும் சீல்களும் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும். வாங்கும்போது டிரையரைத் தாங்கும் பின்சட்டத்தின் அடிப்பகுதியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்பூச்சு போயிருந்தால் பரவாயில்லை. சட்டம் போயிருந்தால் அது பார்ட்ஸுக்கு மட்டும்.

தூக்குவதற்கு முன்னால் பம்ப்பிலும் ரப்பர் குழாயிலும் தங்கியிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் வேனில் ஏற்றினால் அது உறைந்து பம்ப்பை உடைக்கும். தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது என்பதால் அதைச் சுற்றிப் பழைய போர்வை திணியுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள், கியர் எண்ணெய் ஒழுகி சீலில் இறங்கும். மேல்பாரம் அதிகம், மாடிப்படியில் சாய்ந்தால் இரண்டு ஆளால் நிறுத்த முடியாது. ஒரே சட்டத்து மெஷின்களிலும் பலவற்றில் டிரையரைத் தனியாக இறக்கலாம். சில திருகுகளும் ஒரு வயர் கட்டும்தான். வயரைப் பிடுங்கும் முன் எந்த நிறம் எந்த முனையில் என்று போட்டோ எடுத்து வையுங்கள். அந்த டெக்னிக்கல் ஷீட் பொடிந்திருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது அந்த போட்டோ மட்டும்தான்.